டெல்பர்ட்டின் சாரியும் வருத்த வாரியமும்

எங்கள் ஊரில் ஒருவரை இன்னொருவர் இடித்துவிட்டால், இடி வாங்கியவர்தான் முதலில் சாரி சொல்வார். இடித்தவர் இரண்டாவதாகச் சொல்வார். அவரையும் சாரி சொல்ல வைத்துவிட்டோமே என்று இடி வாங்கியவர் மறுபடியும் ஒரு முறை சொல்வார். இதற்குச் சட்டமெல்லாம் கிடையாது, தாய்ப்பாலோடு வருவது. கனடாவில், ஒன்டாரியோவின் ஏரிக்கரை ஊர்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். எங்கள் பிக்கரல் பாயிண்ட்காரர்களுக்கு மட்டும் இந்த வியாதி கொஞ்சம் முற்றிப்போனது. என் இரும்புக்கடையில் சாய்த்து வைத்திருக்கும் பனி மண்வெட்டி சரிந்து விழுந்தால், அதனிடம் சாரி சொல்லிவிட்டு எடுத்து வைக்கிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே ஜனவரியில் ஒரு காலை டெல்பர்ட் ஹக்கின்ஸ் சாரி சொன்னதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. டெல்பர்ட் எங்கள் ஊர் ஸ்கூல் பஸ் டிரைவர். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கி, பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டு, தன்னுடைய பிக்கப் வண்டியில் டோனட் கடைக்கு வந்தார். வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டினார். காபி வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார். அப்போது நகராட்சியின் பனி தள்ளும் லாரி ரிவர்ஸில் வந்து, அந்தப் பிக்கப்பை நிதானமாக, மரியாதையாகத் தள்ளிக்கொண்டே போய், ஊர் முகப்பில் நிற்கும் பெரிய ஃபைபர் மீன் சிலையின் மேல் சாத்தியது. மீனின் தலை கழன்று பனியில் விழுந்தது.

டெல்பர்ட் காபி சிந்தச் சிந்த ஓடிப்போய் லாரியைப் பார்த்து, "சாரி, சாரி!" என்றார். அப்புறம் மீனைப் பார்த்து ஒரு தடவை சொன்னார்.

லாரி ஓட்டிய வெய்ன் குஸிக் இறங்கி வந்து தானும் சாரி சொன்னார். இருவரும் ஆளுக்கொரு செவுளைப் பிடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டு போய் டோனட் கடைக்குள் வைத்தார்கள். வேறு எந்தக் காலமாக இருந்தாலும் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் அப்போது வருத்த வாரியம் வந்துவிட்டிருந்தது.

வாரியம் வந்த கதை சின்னது. ஹாக்கி அரங்கத்தின் கூரை ஒழுகி, ஆட்டத்தின் நடுவில் பனித்தரை குளமாகிப்போனபோது, மேயர் ஒலிபெருக்கியில் "சாரி மக்களே" என்று சொல்லிவிட்டார். பாவம், பழக்கதோஷம். நகராட்சி வக்கீல் கானர் ரஷ்ப்ரூக்குக்கு அதைக் கேட்டு இரண்டு நாள் ஜுரம் அடித்ததாகச் சொல்வார்கள். மேயர் சாரி சொன்னால் கூரைக்கு நகராட்சி பொறுப்பு என்று ஆகிவிடாதா? எழுந்து வந்ததும் முதல் வேலையாக அவர், ஊரில் சொல்லப்படும் சாரிகளை விசாரிக்க இந்த வாரியத்தை அமைத்து, தானே தலைவரானார். டொரான்டோவிலிருந்து டாக்டர் ஹில்டா ஃபென்விக் என்ற நிபுணரை இயக்குநராக வரவழைத்தார்கள். அவருக்கு இடம் வேண்டுமென்று நூலகத்தை அடித்தளத்துக்கு இறக்கினார்கள். கூரையைத்தான் யாரும் இன்னும் சரிசெய்யவில்லை.

டாக்டர் ஃபென்விக் ஊர் முழுக்கச் சுற்றி, கேட்டதையெல்லாம் பதிவுசெய்து, சாரியைப் பதினெட்டு வகையாகப் பிரித்தார். கடையில் ஊறுகாய் அலமாரியை மறைத்து நிற்பவரை நகரச் செய்யும் சாரி ஒரு வகை. காது கேட்கவில்லை, திருப்பிச் சொல் என்கிற சாரி ஒரு வகை. ஹாக்கியில் முழங்கையால் விலாவில் இடிப்பதற்குச் சற்று முன்னால் சொல்வது ஒன்று. சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று சொல்வது ஒன்று. நகர்மன்றக் கூட்டத்தில், உன்னைப்போல ஒரு முட்டாளை நான் பார்த்ததில்லை என்பதற்குப் பதிலாகச் சொல்வது ஒன்று. வெறும் தொண்டைச் செருமலாக, எந்த அர்த்தமும் இல்லாமல் வருவது ஒன்பதாம் வகை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சாரிதான் பதினெட்டு. வாரியத்தின் விதிப்படி, பொதுமக்கள் சொல்லும் சாரி, வேறு வகை என்று நிரூபிக்கப்படும்வரை, பதினெட்டு என்றே கொள்ளப்படும். நகராட்சி ஊழியர் பணிநேரத்தில் சொல்லும் சாரி எந்த வகையானாலும் வானிலை பற்றிய கருத்தாகக் கொள்ளப்படும்.

அதனால் வெய்ன் சொன்னது வானிலை ஆயிற்று. டெல்பர்ட் சொன்னது வாக்குமூலம் ஆயிற்று. மீனின் தலையை உடைத்தவர் டெல்பர்ட்தான் என்று முடிவானால் அவருடைய பஸ் ஓட்டும் உரிமம் போய்விடும் என்று வாரியம் போன் செய்து சொன்னது.

டெல்பர்ட் நேராக என் கடைக்கு வந்தார். பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தில் நானும் அவரும் ஒரே அணி. பத்துப் பதினைந்து குளிர்காலமாகச் சேர்ந்து பனியைத் துடைப்பத்தால் தேய்த்திருக்கிறோம். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"பஸ்ஸ எடுத்துட்டா நான் காலையில எதுக்கு எந்திரிக்கறது, சொல்லு" என்றார்.

 மனைவி லோர்னா போன பிறகு டெல்பர்ட்டுக்கு இருப்பது அந்த மஞ்சள் பஸ் ஒன்றுதான். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கையுறை, எது வேர்க்கடலை வாசனை பட்டாலே தடித்துப்போகும், எதன் அப்பாவும் அம்மாவும் இந்த வாரம் பேசிக்கொள்ளவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும்.

"நீ ஒண்ணும் பண்ணலயேப்பா. வண்டிய நிறுத்திட்டுக் காபி குடிச்சுட்டு இருந்த."

"அதத்தான் நானும் போன்ல சொன்னேன். 'சாரி, நான் ஒண்ணும் பண்ணல'ன்னு."

"சாரின்னா சொன்ன?"

"வாய்ல வந்துடுச்சு. அதையும் பதிவு பண்ணிக்கிட்டாங்களாம்."

முதல் விசாரணைக்கு நான் துணைக்குப் போனேன். பழைய நூலகத்தில் இப்போது கம்பளம் விரித்திருக்கிறார்கள். டாக்டர் ஃபென்விக் உயரமானவர், பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். மேசைமேல் ஒரு கருவி. குரல் எவ்வளவு நீளுகிறது, எங்கே நடுங்குகிறது என்றெல்லாம் அது சொல்லுமாம்.

"மிஸ்டர் ஹக்கின்ஸ், உங்க சாரி எந்த வகைன்னு கண்டுபிடிக்கணும்னா எங்களுக்கு இயல்பான மாதிரிகள் வேணும். நீங்க சும்மா நில்லுங்க."

டெல்பர்ட் நின்றார். டாக்டர் ஃபென்விக் நடந்து வந்து, குதிகாலால் அவர் காலை மிதித்தார்.

"சாரி" என்றார் டெல்பர்ட்.

"அருமை." கருவியைப் பார்த்துத் தலையசைத்தார். "அடுத்த கால்."

அடுத்த காலையும் மிதித்தார்கள். பிறகு ஒரு மளிகைத் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து முழங்காலில் மோதினார்கள். கதவை மூக்குக்கு நேராகச் சாத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் டெல்பர்ட் சாரி சொன்னார். கதவிடமும் சொன்னார். உதவியாளர் ஒருவர் அவருடைய காபியைக் குடித்துக் காட்டினார். டெல்பர்ட் அவரிடம், "சாரி, அதுல சர்க்கரை கம்மி" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, மிதிக்கறது நீங்க, சாரி சொல்றது அவன். இதுக்கு மேல என்ன கண்டுபிடிக்கணும்? இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தான்னு ஆயிடுச்சுல்ல?"

டாக்டர் ஃபென்விக் தலையை மறுபக்கம் சாய்த்தார். "நீங்க அப்படி நினைக்கறதுக்கு சாரி" என்றார். முட்டாளுக்குச் சொல்லும் வகை அது. எனக்கு நன்றாகப் புரிந்தது.

முடிவில், விசாரணை முடியும்வரை டெல்பர்ட் சாரி என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஒவ்வொரு புதுச் சாரியும் பழையதைக் கலப்படம் செய்துவிடுகிறதாம்.

பிக்கரல் பாயிண்டில் பிறந்த ஒருவனைச் சாரி சொல்லாதே என்பது, மூச்சு விடாதே, ஆனால் நடமாடிக்கொண்டு இரு என்பதைப் போல. மளிகைக் கடையில் ஒரு பெண்மணி கடுகு ஜாடிகளின் முன்னால் யோசித்துக்கொண்டு நின்றார். அவரை நகரச் சொல்ல டெல்பர்ட்டிடம் வேறு சொல் இல்லை. கடை மூடும்வரை பின்னால் நின்றுவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்குப் போனார். தேவாலயத்தில் பாதிரியார் அவர் காலை மிதித்துவிட்டுச் சாரிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அந்த வாரப் பிரசங்கம் கல்நெஞ்சம் பற்றியது. கர்லிங் மைதானத்தில் நான் வழுக்கி விழுந்தபோது டெல்பர்ட் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். எதிரணியினர் அவர் சிரிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

விஷயம் பரவியது. டெல்பர்ட்டையே பிடித்துவிட்டார்கள் என்றால் நம்மை விடுவார்களா என்று ஊரே வாயை மூடிக்கொண்டது. மூடிய பிறகுதான் அந்தச் சொல் எதையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்தது என்பது தெரிந்தது. தபால் நிலையக் கதவை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், யாரும் உள்ளே போகவில்லை. பின்னால் பனியில் வரிசை நீண்டது. நாலு பக்கமும் நின்றுதான் போக வேண்டிய சந்திப்பில் நாலு வண்டிகளும் நின்றன, நீங்கள் போங்கள் என்று நாலு பேரும் கையசைத்தார்கள், அப்புறம் யார் கிளம்பினாலும் இன்னொருவருக்குச் சாரி கடன்பட வேண்டுமே என்று நாலு பேரும் இன்ஜினை அணைத்தார்கள். பேருந்துப் பிள்ளைகள் மட்டும் கவலையே படவில்லை. அவர்கள் எப்போதும்போல ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள்.

கடைசி விசாரணைக்கு நகர்மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. உள்ளே நகர முடியாமல் பாதிப் பேர் வாசலிலேயே நின்றார்கள். கானர் ரஷ்ப்ரூக் எழுந்து தொடக்க உரை ஆற்றினார். நல்ல குரல் அவருக்கு.

"வாரியம் எதுக்குன்னு சில பேர் கேக்கறாங்க. நான் சொல்றேன். நகராட்சி வருத்தப்பட ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்? இன்னைக்கு மீன். நாளைக்குக் கூரை. அதுக்கு அப்புறம் தண்ணிக் குழாய். நாங்க பண்ணுனதுக்கெல்லாம் நாங்க வருத்தப்படணும்னா, பெருமக்களே, எங்களுக்கு வேற வேலைக்கே நேரம் இருக்காது! இந்த வாரியம் வந்ததுல இருந்து இந்தக் கட்டடத்துல ஒரே ஒரு அதிகாரி கூட, ஒரே ஒரு தடவ கூட, எதுக்கும் வருத்தப்படல. அதுக்காக நாங்க ராப்பகலா உழைக்கறோம்."

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். டாக்டர் ஃபென்விக் எழுந்து, டெல்பர்ட்டின் சாரி அறிவியல்படி பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது என்று அறிவித்தார்.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து வெய்ன் குஸிக் எழுந்தார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டிருந்தார்.

"நான்தாங்க இடிச்சேன்" என்றார். "அவன் வண்டி நின்னுட்டு இருந்துச்சு. நான் கண்ணாடியப் பாக்கல. போன்ல முந்தின நாள் ராத்திரி ஹாக்கி ஸ்கோரப் பாத்துட்டே ரிவர்ஸ் எடுத்தேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

 டெல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாடா, முடிந்தது என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ரஷ்ப்ரூக்கும் ஃபென்விக்கும் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். பிறகு ரஷ்ப்ரூக் கேட்டார்: "மிஸ்டர் குஸிக், நீங்க இப்பச் சொன்னதுல சாரிங்கற வார்த்தை எங்கயாவது வந்துச்சா?"

"இல்ல. நடந்தத அப்படியே சொன்னேன்."

"அதுதான் சிக்கல். சாரியோட வந்திருந்தா வகைப்படுத்தலாம். சாரியே இல்லாம வெறும் உண்மைய மட்டும் கொண்டு வந்தா, அத வெச்சுக்கிட்டு வாரியம் என்ன பண்ணும்? அதுக்கு இங்க வகை இல்ல."

"பின்ன நான் என்னதான் சொல்லணும்?"

"நீங்க சாரி சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. நீங்க நகராட்சி ஊழியர். அது வானிலை."

வெய்ன் சொன்னதை நீக்கிவிட்டார்கள். ஆனால் வாசலில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததால், தீர்ப்பு நடுவாந்திரமாக வந்தது. டெல்பர்ட் தொடர்ந்து பஸ் ஓட்டலாம். பஸ்ஸில் ஒரு பதிவுப் பெட்டி இருக்கும். பதினெட்டாம் வகைச் சாரி ஒன்றே ஒன்று அதில் விழுந்தாலும் உரிமம் ரத்து.

கருணை என்று இதைத்தான் சொல்வார்கள் போல.

மறுநாளே பெட்டியை மாட்டினார்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டெல்பர்ட் உதட்டைக் கடித்துக்கொண்டே ஓட்டினார். பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, பெட்டிக்குக் கேட்கும்படி மாற்றி மாற்றி ஏப்பம் விட்டார்கள். பிப்ரவரி பாதி வரைக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

அப்புறம் ஒரு காலை, பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெல்பர்ட்டின் கண் ஒரு நொடி அந்தச் சிவப்பு விளக்குக்குப் போயிற்று. மறுபடி ரோட்டைப் பார்த்தபோது, வண்டிகளை நின்று போகச் சொல்லும் பலகை மூக்குக்கு முன்னால் இருந்தது. பிரேக்கை மிதித்தார். பஸ் குலுங்கி நின்றது. மூன்றாவது வரிசையில் மேவிஸ் என்கிற ஏழு வயதுக்காரி முன்சீட்டின் கம்பியில் வாயை மோதிக்கொண்டாள்.

டெல்பர்ட் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் ஓடினார். அவள் வாயில் ரத்தம். அழக்கூட மறந்து விழித்துக்கொண்டிருந்தாள். அவர் இருக்கைகளுக்கு நடுவில் மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

"சாரி, மேவிஸ்" என்றார். "தப்பு என்னுது. நான் ரோட்டப் பாக்கல. சாரிம்மா."

மேவிஸ் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். எதையோ எடுத்துக் காட்டினாள்.

"பல்லு!" என்றாள். "ரெண்டு வாரமா ஆடிட்டே இருந்துச்சு! தேங்க்ஸ்!"

பஸ்ஸே கூச்சலிட்டது. பஸ் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாப் பிள்ளைகளும் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் செய்துவைத்துவிட்டார்கள். ஒன்றில் மேவிஸுக்கு எல்லாப் பல்லும் போயிருந்தது.

டெல்பர்ட் பஸ்ஸைக் கொட்டகையில் விட்டுவிட்டுச் சாவியோடு என் கடைக்கு வந்தார். "வா, வாரியத்துக்குப் போவோம்" என்றார்.

"உனக்கென்ன பைத்தியமா? பெட்டிய வாரத்துக்கு ஒரு தடவைதான் கேக்கறாங்க. பனியில வயர் பிஞ்சுதுன்னு சொல்லிக்கலாம்."

"வேண்டாம்" என்றார். சாவியோடு வாசலுக்கு நடந்தார்.

டாக்டர் ஃபென்விக் அறையில் தனியாகத்தான் இருந்தார். டெல்பர்ட் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் வைத்தார். டாக்டர் ஃபென்விக் அதைத் தொடவில்லை. அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ சங்கடம் தெரிந்தது. ஊருக்கு வேறு பஸ் டிரைவர் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

"மிஸ்டர் ஹக்கின்ஸ், அவசரப்படாதீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. நீங்க அது சும்மா வாய்ல வந்துச்சுன்னு சொல்லிடுங்க. ஒன்பதாம் வகை. தொண்டைச் செருமல். அதுக்குத் தண்டனையே கிடையாது. நானே எழுதித் தரேன்."

"முன்னாடி சொன்ன சாரிக்கெல்லாம் அர்த்தமே இல்லம்மா. எத்தனை தடவ சொன்னேன், நீங்க நம்பல."

"இப்ப நம்பறேன்னுதான் சொல்றேன்."

"இதுக்கு அர்த்தம் இருக்கு" என்றார் டெல்பர்ட். "அந்தப் பொண்ணு வாயில ரத்தத்தப் பாத்துட்டுச் சொன்னது. அது செருமல்னு நான் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு அது மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

டாக்டர் ஃபென்விக்கின் தலை சாயவில்லை, நேராக இருந்தது. "அப்ப... இதுக்கு வாரியம் கூடணும்" என்றார்.

"கூடுங்க. மூணரைக்கு ஸ்கூல் விடும். அதுக்குள்ள யாராவது வண்டி எடுக்கணும். பின்பக்க ஹீட்டர் வேலை செய்யாது, சின்னப் பிள்ளைங்கள முன்னாடி உக்கார வைக்கச் சொல்லுங்க."

வெளியே வந்தோம். டெல்பர்ட் என்னோடு கடைக்கு வராமல் கொட்டகைப் பக்கம் நடந்தார், பஸ்ஸில் தன்னுடைய காபிக் குவளை இருக்கிறதென்று. அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குக் கடையில் நான் யாருக்கும் சரியாகச் சில்லறை கொடுக்கவில்லை.

மூன்றரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பஸ் என் கடையைக் கடந்து போயிற்று. முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள். ஓட்டுநர் இருக்கையில் டெல்பர்ட். தலைக்கு மேலே பெட்டியைக் காணோம், சிவப்பு விளக்கும் இல்லை.

அன்று வாரியம் கூடவே இல்லை. ரஷ்ப்ரூக்கிடம் கேட்டால், அப்படி ஒரு பெட்டி இருந்ததாகவே தனக்கு நினைவில்லை என்கிறார். சாயங்காலம் கர்லிங் மைதானத்தில் டெல்பர்ட்டைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"என்னப்பா நடந்துச்சு?"

"கொட்டகைல குவளைய எடுத்துட்டு இருந்தேன். அந்தம்மா ஓடி வந்தாங்க. கோட்டு இல்ல, பூட்ஸ் இல்ல, ஆபீஸ் செருப்போட பனியில. சாவிய என் கையில வெச்சாங்க. ஒரு வார்த்தை சொன்னாங்க. திரும்பி நடந்துட்டாங்க."

"என்ன வார்த்தை?"

டெல்பர்ட் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அத உன்கிட்ட கூடச் சொல்ல மாட்டேன்" என்றார். "வெளிய தெரிஞ்சா பாவம், அவங்க வேலை போயிடும்."